சொல்லாமல் போன உள்ளான்

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல, சாமி?"

கேட்டவள் குறுணி.

சேத்துச்சாமி தலையைத் தூக்கவில்லை. சேற்றைக் கொத்திக்கொண்டே, "யாரு?" என்றான்.

"எங்கம்மாதான். வேற யாரு? அப்ப நான் பொறந்து ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு. றெக்கை பாதிதான் முளைச்சிருக்கு. கண்ணு முழிச்சுப் பாக்குறேன், ஆளைக் காணோம். போறேன்னு ஒரு வார்த்தை. அதைச் சொன்னா வாய் சுளுக்கிக்குமா?"

"ம்."

"என்ன ம்?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்க்கா. சொல்லு."

குறுணி சொன்னாள். கடல் தண்ணீர் வற்றி, மறுபடி ஏறும்வரை சொன்னாள்.

*

குறுணி யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் யாரோ பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அவள் ஒரு கொசு உள்ளான். பெயரில் கொசு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கடிக்க மாட்டாள். உள்ளான் பறவைகளிலேயே பொடிசு என்பதால் அந்தப் பெயர்.

தண்ணீர் ஓரத்துச் சேற்றில் தையல் மெஷின் ஊசி மாதிரி டக்டக்கென்று குத்திக்கொண்டே ஓடுமே, அந்தப் பறவைதான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் சின்னது. இரண்டு பெரிய ஸ்பூன் சர்க்கரையை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். அவ்வளவுதான் குறுணியின் எடை.

அந்த எடையை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு தடவை ஆயிரக்கணக்கான மைல் பறக்கிறாள். குளிர்காலத்துக்குக் கோடியக்கரைச் சேறு. கோடைக்கு வடக்கே, மரமே முளைக்காத பனிநாடு. முட்டை இடுவது அங்கே. தின்று கொழுப்பது இங்கே.

நான் அவளாக இருந்தால் ஒரே இடத்தில் இருந்துவிடுவேன். அவளிடம் அதைச் சொன்னால் சிரிப்பாள்.

*

சேத்துச்சாமியும் கொசு உள்ளான்தான். குறுணியைவிட ஒரு வயது இளையவன்.

பிறகு எப்படிக் குரு ஆனான் என்றால், பேசாமல் இருந்தே ஆனான்.

ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறான் என்று கூட்டத்தில் ஒரு புரளி. அடப் போங்கள். எல்லா உள்ளானும் ஒற்றைக் காலில் நின்றுதான் தூங்கும். ஆனால் மற்றவர்கள் தூங்கும்போது எழுப்பினால் திட்டுவார்கள். இவன் திட்ட மாட்டான். ஒரு கண்ணைத் திறந்து, "சொல்லுக்கா" என்பான்.

சாமி ஆவதற்கு அது போதாதா?

குருவானாலும் அவன் அக்காவை அக்கா என்றுதான் கூப்பிட்டான். அக்கா அவனை வாங்க, போங்க என்றாள். கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவர்களுக்கு இல்லை.

*

மறுநாள் குறுணி வந்தாள்.

"சாமி, எங்கம்மா ஏன் சொல்லாமப் போனா?"

"பசிக்குதாக்கா?"

"நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன கேக்குறீங்க?"

"அந்தப் பக்கம் புழு நெளியுது, பாரு."

பார்த்தாள். நெளிந்தது. தின்றாள். பக்கத்தில் இன்னொன்று. அதையும் தின்றாள். அதற்குப் பக்கத்தில் ஒரு குட்டி நத்தை. அப்புறம் ஒரு இறால் குஞ்சு. வெயில் முதுகில் இதமாக விழுந்தது. சேறு காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஆகா, என்ன சேறு!

கேள்வி ஞாபகம் வந்து திரும்பியபோது சாமி தூங்கிப்போயிருந்தான்.

வயிறு நிறைந்திருக்கும்போது கோபப்படுவது கஷ்டம். அதனால் அடுத்த நாள் வெறும் வயிற்றோடு வந்தாள்.

"இன்னைக்குத் திங்க மாட்டேன். பதில் சொல்லுங்க."

சேத்துச்சாமி கொத்துவதை நிறுத்தினான்.

"பதில் இங்க இல்லக்கா."

"எங்க இருக்கு?"

அலகைத் திருப்பி வடக்கே காட்டினான்.

"அவ்வளவு தூரத்துலயா?"

"ம்."

"அங்க எந்த இடத்துல?"

"கூட்டுல" என்று சொல்லிவிட்டுக் கொத்தப் போய்விட்டான்.

குறுணிக்குச் சுருக்கென்றது. வயது நான்காகப் போகிறது. இன்னும் ஒரு குஞ்சுகூடப் பொரிக்கவில்லை. முதல் கோடையில் வடக்கே போகவே இல்லை. சின்னவள், தெம்பு போதவில்லை. அடுத்த கோடையில் வெள்ளம் வந்து முட்டைகளை அடித்துக்கொண்டு போனது. அதற்கடுத்த கோடையில் நரி.

*

கூட்டத்தில் தவிடு என்று ஒருத்தி. சரியான வாய்க்காரி.

"ஏண்டி குறுணி, உங்கம்மா மட்டும்தான் சொல்லாமப் போனாளா? இங்க யாரு அம்மா சொல்லிட்டுப் போனா? சொல்லிட்டுப் போன அம்மாவோட புள்ளைங்கல்லாம் றெக்கையைத் தூக்குங்க பாப்போம்!"

நாற்பது உள்ளான்கள் நின்றன. ஒரு றெக்கையும் உயரவில்லை.

"பாத்தியா? நாங்கல்லாம் புழு திங்கலையா? தூங்கலையா? நீ மட்டும் ஏன் மூக்கால அழுவுற?"

"உங்களுக்கெல்லாம் சூடு சொரணை இல்ல. எனக்கு இருக்கு."

"இருந்துட்டுப் போவட்டும். அதுக்காகத் தினம் எங்க காதைத் திங்கணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். குறுணிக்கு முகம் சிவந்திருக்கும். இறகு இருந்ததால் தெரியவில்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள். "இந்த வருஷம் எனக்குப் புள்ளைங்க பொறந்தா, எங்கம்மா மாதிரி கமுக்கமா நழுவ மாட்டேன். அதுங்க மூஞ்சியைப் பாத்து, போறேன்னு சொல்லிட்டுத்தான் வருவேன். இது சத்தியம்."

சிரிப்பு நின்றது. சத்தியம் என்றால் உள்ளான்கள் விளையாட மாட்டார்கள்.

தவிடு சாமி பக்கம் திரும்பினாள். "என்ன சாமி, இவ இப்படிச் சொல்றா?"

"நல்லதுதானே" என்றான் சேத்துச்சாமி.

"நல்லதா!"

"சொல்லிட்டு வந்தா நல்லதுதானே."

*

ஏப்ரல் வந்தது. உள்ளான்களுக்கு ஏப்ரலில் பிடிப்பது பசி இல்லை, பேய்ப்பசி.

தின்றார்கள். தூங்கி எழுந்து தின்றார்கள். சாம்பல் நிற முதுகில் செம்மண் நிறம் ஏறியது. தவிடு உருண்டையாகிவிட்டாள். ஓடும்போது வயிறு சேற்றைத் தொட்டது.

ஒரு சாயங்காலம் தென்காற்று எழும்பியது. யாரும் யாரையும் பார்த்து "கிளம்பலாமா" என்று கேட்கவில்லை. நாற்பது பேரும் ஒன்றாக எழும்பினார்கள். அவ்வளவுதான், கிளம்பியாயிற்று.

மலை வந்தது. தாண்டினார்கள். மணல்காடு வந்தது. தாண்டினார்கள். மழை வந்தது. நனைந்துகொண்டே தாண்டினார்கள். இதை நான் மூன்று வரியில் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு ஐந்து வாரம் ஆனது.

பாதி வழியில் ஒரு பெரிய உப்பு ஏரி. அங்கே இறங்கி இளைப்பாறினார்கள். குறுணி தண்ணீரில் முக்கி முக்கிக் குளித்தாள். பக்கத்தில் சேத்துச்சாமி இறகு கோதிக்கொண்டிருந்தான்.

அவன் தானாகப் பேச்சை எடுத்தது அன்றைக்குத்தான்.

"அக்கா, உங்கம்மா கடைசியா உங்கிட்டச் சொன்ன வார்த்தை என்ன?"

குறுணி அதை யோசித்ததே இல்லை. சொல்லாததைப் பற்றியே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"'வா'ன்னு சொன்னா. முந்தின நாள் தூறல் போட்டுச்சு. வயித்துக்கு அடியில வரச்சொல்லிக் கூப்பிட்டா."

"நீ என்ன செஞ்சே?"

"ஓடினேன். வேற என்ன செய்வாங்க?"

"எப்படி ஓடினே?"

"எப்படின்னா? உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடினேன். நடுவுல ஒரு கல்லு தடுக்கி மூக்குக் குப்புற விழுந்தேன். எழுந்திருச்சு மறுபடி ஓடினேன். எனக்கு முன்னாடி எங்கண்ணன் போய் இடம் புடிச்சுட்டான். அவனை முட்டித் தள்ளிட்டு உள்ள போனேன்." குறுணி சிரித்துவிட்டாள். "எவ்வளவு கதகதப்பு தெரியுமா, சாமி, அவ வயிறு!"

அம்மாவைப் பற்றிச் சொல்லி அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சேத்துச்சாமி "ம்" என்று சொல்லி இன்னொரு றெக்கையைக் கோத ஆரம்பித்தான்.

*

பனிநாட்டில் பனி உருகிக்கொண்டிருந்தது.

அங்கே கோடையில் சூரியன் மறையாது. வானத்தைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். எப்போது தூங்குவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். கொசுவோ, மேகம் மேகமாக. நமக்கென்றால் ஓட்டம் பிடிப்போம். உள்ளானுக்கு அது கல்யாணச் சாப்பாடு.

குறுணிக்கு ஒரு கணவன் அமைந்தான். நல்லவன். அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை.

கொசு உள்ளான்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் நான்கு முட்டையை இட்டு, "இந்தாங்க, இது உங்களோடது" என்று அப்பனிடம் கொடுத்துவிடுவாள் அம்மா. அவன் அதை அடைகாப்பான். அவள் வேறு இடத்தில் இன்னும் நான்கு இட்டு, அதைத் தான் அடைகாப்பாள். ஆளுக்கொரு கூடு. சண்டையே கிடையாது.

குறுணியின் கூடு ஒரு புல்மேட்டில் இருந்தது. கூடு என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு சின்னக் குழி, அதில் நான்கைந்து காய்ந்த இலை. அவ்வளவுதான்.

இருபது நாள் உட்கார்ந்தாள். நரி இரண்டு தடவை அந்தப் பக்கம் போனது. குறுணி மூச்சுவிடவில்லை. ஒரு நாள் ஆலங்கட்டி மழை பெய்தது. முதுகில் வாங்கிக்கொண்டாள்.

இருபத்தோராம் நாள் ஓட்டுக்குள் "கிச்" என்றது.

*

நான்கு குஞ்சுகள். எள்ளுருண்டைக்குக் கால் முளைத்தது போல இருந்தன.

குறுணிக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த பள்ளத்தில் இருந்த சேத்துச்சாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவனுடைய நான்கும் ஒரு வாரம் முன்பே பொரித்து ஓடிக்கொண்டிருந்தன.

"பாருங்க சாமி, அந்தக் கடைக்குட்டியைப் பாருங்க. அது காலைப் பாருங்க! என்ன நீளம்!"

"நல்லா இருக்குக்கா."

"நல்லாவா? இந்த மாதிரி ஒரு காலை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

சேத்துச்சாமி தன் காலைக் குனிந்து பார்த்தான். "இல்லக்கா" என்றான்.

உள்ளான் குஞ்சுகளுக்கு யாரும் ஊட்டிவிட மாட்டார்கள். பிறந்த அன்றே தன் கொசுவைத் தானே பிடிக்க வேண்டும். பிடித்தன. முதல் கொசுவைக் கடைக்குட்டி தவறவிட்டு, மூக்கில் சேறு அப்பிக்கொண்டு, ரொம்பக் கோபமாக அடுத்ததைத் துரத்தியது.

அம்மாவுக்கு வேலை இரண்டுதான்.

குளிர் அடித்தால் "ப்ரீப்" என்பாள். அப்படியென்றால் வா. நான்கும் ஓடிவந்து வயிற்றுக்கு அடியில் புகுந்துகொள்ளும்.

நரி வந்தால் "டிக்" என்பாள். அப்படியென்றால் படு. நான்கும் இருந்த இடத்திலேயே தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். மறுபடி வா என்று அம்மா சொல்லும்வரை அசையாது. நரி ஒரு தடவை நடுக்குஞ்சின் வாலை மோந்து பார்க்காத குறையாகத் தாண்டிப் போனது. குஞ்சு இமைக்கவில்லை.

அந்த வயதில் குஞ்சுகளுக்குப் புரிகிற பேச்சு அந்த இரண்டுதான். அம்மா குரல் கேட்டு, அது படு இல்லையென்றால், வா. பெரியவர்கள் பேசும் மற்றதெல்லாம் பிறகு, சேற்றில் நின்று ஊர்வம்பு பேசிப் பேசிக் கற்றுக்கொள்வது.

நல்ல நாட்கள் அவை. குறுணி பிறகு எத்தனையோ இடம் பார்த்திருக்கிறாள். அந்தப் புல்மேட்டைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

*

இரண்டு வாரம் ஆனது.

குஞ்சுகளுக்கு றெக்கை பாதி முளைத்தது. குளிர் அவ்வளவாக உறைக்கவில்லை. ப்ரீப் சொல்ல வேண்டிய நேரம் குறைந்தது.

கொசுவும் குறைந்தது.

குட்டையின் ஓரத்தில் ஒரு புழு நெளிந்தது. குறுணி டக்கென்று கொத்தித் தின்றாள். நிமிர்ந்தால் எதிரே கடைக்குட்டி. அதே புழுவைக் கொத்த ஓடிவந்தவன். வெறும் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

குறுணி நகர்ந்து இன்னொரு பக்கம் போனாள். அங்கே ஒரு கொசு. பிடித்தாள். நிமிர்ந்தால் எதிரே மூத்தவன்.

அன்று முழுக்க அவள் எங்கே கொத்தினாலும் எதிரே ஒரு வெறும் வாய் நின்றது.

சேத்துச்சாமியிடம் போனாள்.

"நான் கிளம்பணும் சாமி."

"ம். நானும்தான்."

"இருந்தா அதுங்க சோத்துல கைவைக்கிற மாதிரி இருக்கு. ஒரு குட்டை, அஞ்சு வாயி. நான் போனா அதுங்க நாலுமாச்சும் நிம்மதியாத் திங்கும்."

"ம்."

"உங்க புள்ளைங்க?"

"நல்லா இருக்குதுங்க. பறக்க ஆரம்பிச்சிருச்சு."

"போறேன்னு சொல்லிட்டீங்களா?"

சேத்துச்சாமி குனிந்து சேற்றைக் கொத்தினான்.

"நீங்களுமா!" குறுணிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "சாமி சாமின்னு உங்களைப் போய்க் கும்பிட்டேனே! நீங்களும் எங்கம்மா மாதிரிதானா?"

"என்னைய விடுக்கா. நீ சத்தியம் பண்ணியிருக்கே. போய்ச் சொல்லிட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்."

*

அன்று குறுணி ஒத்திகை பார்த்தாள்.

"புள்ளைங்களா, நான் கிளம்புறேன். றெக்கை முழுசா முளைச்சதும் நீங்களும் கிளம்புங்க. தெக்கே வாங்க. மலை வரும், தாண்டுங்க. மணல்காடு வரும், தாண்டுங்க. கடைசியில ஒரு கடல் வரும். அங்க சேறு இருக்கும். நான் இருப்பேன். பயப்படாதீங்க."

சொல்லிப் பார்த்தாள். நன்றாக வந்தது. கடைசி வரியில் மட்டும் தடுமாறினாள். அதையும் நாலு தடவை சொல்லிச் சரிசெய்துகொண்டாள்.

புல்மேட்டில் ஏறி நின்றாள். கீழே குட்டையோரம் நான்கும் கொத்திக்கொண்டிருந்தன.

"புள்ளைங்களா" என்றாள்.

நான்கும் நிமிர்ந்தன. நான்கும் ஓடிவந்தன.

வந்து வயிற்றுக்கு அடியில் முட்டின. இடம் இல்லை. வளர்ந்துவிட்டார்கள். ஆனாலும் முட்டின. குறுணியின் கால் தரையை விட்டே எழும்பிவிட்டது.

"டேய், டேய், அதுக்குக் கூப்பிடலைடா. நான் கிளம்புறேன். அதைச் சொல்லத்தான்..."

இன்னும் நெருக்கி முட்டின.

குறுணி நழுவி வெளியே வந்தாள். இருபது அடி தள்ளிப் போய் நின்றாள்.

"அங்கயே நில்லுங்க. இப்பக் கேளுங்க. நான்..."

இருபது அடியும் ஓடிவந்தன.

சரி, கிட்டே நின்றால்தானே முட்டுகிறார்கள் என்று குறுணி வானத்தில் எழும்பினாள். சுற்றிப் பறந்துகொண்டே சொன்னாள்.

"றெக்கை முளைச்சதும் தெக்கே வாங்க! மலை வரும்! மணல்காடு வரும்!"

கீழே நான்கும் ஓடின. புல்லை விட்டு வெளியே வந்தன. சரளைக்கல் வெளியில் ஓடின. அரைகுறை றெக்கையை அடித்துக்கொண்டு ஓடின. அம்மாவையே பார்த்துக்கொண்டு ஓடியதால் கால் எங்கே போகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

சரளைக்கு அப்பால் ஆறு. பனி உருகிய தண்ணீர்.

கடைக்குட்டிக்குத்தான் கால் நீளம். அவன்தான் முதலில் வந்தான். கரையில் நிற்கவில்லை.

குறுணிக்கு உயிரே போய்விட்டது.

"டிக்!" என்று கத்திவிட்டாள்.

நான்கும் படுத்தன. மூன்று சரளைக்கல்லில். கடைக்குட்டி தண்ணீரில்.

தண்ணீர் அவன் முதுகின் மேல் ஏறி ஓடியது. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தான். கரை ஒரு அடி தூரத்தில்தான் இருந்தது. எழுந்திருக்கவில்லை. படு என்று அம்மா சொல்லியிருக்கிறாளே.

குறுணி கல்லைப் போலக் கீழே விழுந்தாள். "ப்ரீப்! ப்ரீப்!"

எழுந்தான். தள்ளாடி ஓடிவந்தான். பின்னாலேயே மற்ற மூன்றும்.

*

ரொம்ப நேரம் அவனை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதிதான் உள்ளே அடங்கியது. மீதிக்கு றெக்கையை விரித்துக்கொண்டாள். மற்ற மூன்றும் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றன.

சூரியன் வானத்தில் பாதி சுற்றி வந்தது.

நடுக்கம் நின்றது. கடைக்குட்டி தலையை மட்டும் வெளியே நீட்டினான். ஒரு கொசு போனது. அவ்வளவுதான், விருட்டென்று வெளியே பாய்ந்து துரத்திக்கொண்டு ஓடினான். மற்ற மூன்றும் அவன் பின்னால் குட்டைப் பக்கம் ஓடின.

குறுணி அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூத்தவன் ஒரு புழுவை இழுத்தான். நீளப் புழு. பின்னால் சாய்ந்து இழுத்து, அது சட்டென்று வந்ததும் உட்கார்ந்துவிட்டான். கடைக்குட்டி கொசுவைப் பிடித்துவிட்டான். நன்றாகத் தின்றார்கள். யாருக்கும் அம்மா ஞாபகம் இல்லை.

குறுணி வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

எழுந்து, பறக்காமல், புல்லுக்குள் நடந்தாள். புல் சரசரக்காத இடமாகப் பார்த்துக் காலை வைத்தாள்.

*

சேத்துச்சாமி சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"சொல்லிட்டியாக்கா?"

குறுணி அவனைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. குட்டை அங்கேயிருந்து காது கேட்கிற தூரம்தான்.

கொசு உள்ளான் பறக்க எழும்பும்போது தன்னையறியாமல் ஒரு குரல் கொடுக்கும். பிறந்ததிலிருந்து வருகிற பழக்கம். குறுணி அலகை இறுக்கி மூடிக்கொண்டு எழும்பினாள்.

சேத்துச்சாமியும் அப்படியே எழும்பினான்.

ஒரு ஆற்றைத் தாண்டினார்கள். இன்னொரு ஆற்றைத் தாண்டினார்கள். காற்று பின்னாலிருந்து நன்றாகத் தள்ளியது.

மூன்றாவது ஆற்றையும் தாண்டிய பிறகுதான் குறுணி வாயைத் திறந்தாள்.

"அம்மா" என்றாள்.